வேட்டுக்கு முன்னாடி கத்துறவரு

எங்க வூட்டுக்காரரு பேரு சின்னப்பையன். கெணத்துல பாறைய ஒடைக்க வேட்டு வெக்கிற மேஸ்திரி வேதகிரிகிட்ட வேல. குழி போடுறது, மருந்து கெட்டிக்கிறது எல்லாம் மத்தவங்க. இவருக்குத் தொண்டதான் வேல. "வேட்டு! வேட்டு! ஒதுங்கு!"ன்னு கத்திக்கினே ஓடணும். எல்லாரும் உள்ள போனதும் செவப்புத் துணிய ஆட்டுவாரு, அப்புறந்தான் மேஸ்திரி திரி கொளுத்துவான். உத்தரமேரூர சுத்தி எத்தினி கெணறு! இவரு கத்தின எடத்துல ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதில்ல.

எங்க சேரியில வூடு வூடா பூந்து சொல்லுவாரு. அக்ரகாரத்துக்கு மட்டும் தெரு முனையிலயே நின்னுடணும். யாரும் எந்தத் தெருவுலயும் போவலாம்னு சட்டம் போட்டுட்டாங்கன்னு பேரு. சட்டமா வந்து இவரு கையப் புடிச்சி உள்ள இட்டுக்கினு போவும்?

ஒரு நாளு அக்ரகாரத்துக்குப் பின்னால இருக்கிற கெணத்துல வேட்டு. அன்னிக்கும் முனையில நின்னு கத்தினாரு. தெரு காலியாச்சு, துணிய ஆட்டினாரு. திரி பத்திக்கிச்சு. அப்பத்தான் அந்தத் தெரு பார்வதம் அம்மா, வாசல்ல காஞ்ச நெல்ல வார முறத்தோட வெளிய வந்தாங்க. அவங்களுக்குக் காது சுத்தமா கேக்காது. இவரு ஒரே ஓட்டமா ஓடி, கையப் புடிச்சி இழுத்து வாசப்படிக்குள்ள தள்ளினாரு. வேட்டு வெடிச்சிச்சு. தேங்கா கணக்கா ஒரு கல்லு அந்த நெல்லு மேலயே வந்து வுழுந்துச்சு.

பொயச்ச உசுருக்கு ஒரு சொம்பு தண்ணி குடுப்பாங்கன்னு பாத்தா, தெருவுக்கே தண்ணி ஊத்திக் கழுவுனாங்க. அந்தம்மா புள்ள ராஜாராமன், பள்ளிக்கூடத்து வாத்தியாரு, கல்லத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "காப்பாத்தினே, வாஸ்தவம். முனைலேருந்து எங்களை ஒரு குரல் கூப்பிட்டிருக்கப்படாதோ?"ன்னாரு.

அடப் பாவி, திரி எரியுதுடான்னு மனசுக்குள்ளயே திட்டினேன். இவரு தலயக் குனிஞ்சிக்கினு, "தப்புதான் சாமி"ன்னாரு. "உன்ன வெச்சிக்கினா இந்தப் பக்கம் எனக்குக் கெணறு கெடைக்காது"ன்னு மேஸ்திரியும் நிறுத்திட்டான்.

அதுக்கப்புறம் கூலிக்குப் போவாரு, வருவாரு, அவ்ளோதான். பேச்சே கெடயாது. திட்டிப் பாத்தேன், அழுது பாத்தேன். எருமமாட்டு மேல மழ பேஞ்ச மாதிரிதான். போவப் போவ எனக்கும் அழுக வரல.

அடுத்த கோடையில அதே கெணத்த மறுபடி ஆழமாக்குனாங்க. இவரு வேலைக்கு எல்லப்பன் வந்திருந்தான். அக்ரகாரத்து முனையில அவன் கத்துறது எங்க வூட்டு வரிக்கும் கேட்டுச்சு. இவரு கூழு குடிச்சிக்கினு இருந்தாரு.

"அந்தக் காது கேக்காத அம்மா உள்ள கீறாங்களோ இன்னாவோ, ஒரு எட்டு போய் பாருய்யா"ன்னேன்.

"எனக்கு இன்னா தெரியும்?"னாரு. வெங்காயத்தக் கடிச்சிக்கினாரு.

வேட்டு வெடிச்சிச்சு. கூரையிலேர்ந்து மண்ணு உதுந்துச்சு. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அக்ரகாரத்துப் பக்கம் அலறல் கேட்டுச்சு. யாருன்னு நாங்க கேக்கல. இவரு கிண்ணத்த நீட்டினாரு, நான் கூழு ஊத்தினேன்.