சிப் மாறிய கணினியும் என் ரயில் நகரமும்

ஓய்வுபெற்ற நாளிலிருந்து கணினி விளையாட்டொன்றில் ரயில் நகரம் கட்டிவருகிறேன். புதிய கணினிகளில் சிப் மாறியிருப்பதால் அது ஓடுமா என்று பரமற்றா நகரிலுள்ள கணினிக் கடையில் கேட்டேன். "ஓம் அங்கிள், எல்லா கேமும் ஓடும்," என்றார் விற்பனையாளர். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினேன். என் விளையாட்டு திறக்கவே இல்லை. திரும்பிப் போனால், "நான் அப்பிடிச் சொல்லேல்லையே," என்று சிரித்தார்.

விற்பவர் சொல்லும் வாக்கும் இந்நாட்டுச் சட்டப்படி உத்தரவாதம்தான். ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும். மறுநாள் மேலாளர் அருகில் நிற்கும்போது, என் மனைவி போய் அதே கேள்வியைக் கேட்டாள்.

"எல்லாம் ஓடும் அன்ரி."

கடை அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான் வெளியே வந்து, புதிய கணினியை மேசையில் வைத்தேன். "அப்ப ஓட்டிக் காட்டும், தம்பி."

அவர் முகம் வெளுத்ததை ஆறுதலாக நின்று பார்த்தேன். மேலாளரே புதியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பின்னறையிலிருந்த என் பழைய கணினியை எடுத்துவந்து தந்தார்.

இப்போது எதை வாங்கினாலும் மனைவிதான் கேட்கிறாள். கடைக்காரர் ஓட்டிக் காட்டும்வரை நான் அலுமாரிக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.