நாங்கள் தேநீர் மட்டும் போடவில்லை

பள்ளிப் பொன்விழா மலரை எழுதியவர்களே, நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள். மாணவர் முகாம் பற்றிய பக்கத்தில், பெருமழை வருமுன் முகாம் தலைவர் சமயோசிதமாகக் கூடாரங்களை மேட்டுக்கு மாற்றினார் என்றும், தோட்டத்துப் பெண்கள் தேநீர் வழங்கி உதவினர் என்றும் அச்சாகியிருக்கிறது. தேநீர் வழங்கியது உண்மை. மற்றது பொய். நான் அங்கே இருந்தேன். ஒரு கூடாரத்தின் மூலையைப் பிடித்துத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. தூக்கச் சொன்னவர் என் நாத்தனார், என் கணவரின் அக்கா.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்த வீடு. நான் வைக்கும் குழம்பில் குற்றம், பிள்ளைக்குப் பின்னும் சடையில் குற்றம். ஆகவே பாசத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் மழையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த மலையில் வேறு யாருக்கும் தெரியாது. "குளிரு ஆளக் கொல்லாது, ஈரந்தான் கொல்லும்" என்பார். இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் சீட்டை அவர் கட்டினால், நாள் முழுக்க ஈரத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றாலும் உள்பாவாடை நனையாது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் உலர்ந்த துணி ஒரு மாற்று எப்போதும் தொங்கும். வேலை செய்த துணியோடு ஒருநாளும் படுக்க மாட்டார். அந்தப் பையை யாரும் தொடக்கூடாது. பெரிய கஞ்சத்தனம் என்று அப்போது நான் நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை, மழைக் காலம். தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு முகாம் என்றார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. முகாமை நடத்த வெளியூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார்; நீங்கள் முகாம் தலைவர் என்று எழுதியிருப்பது அவரைத்தான். இரவல் வாங்கிய பழைய கித்தான் கூடாரங்கள் எட்டு. பந்துத் திடலின் கீழ்க்கோடியில், ஆற்றோரமாக, தரை பாய் விரித்ததுபோல் சமமாக இருந்தது. அங்கேயே அடித்தார்கள். அடியில் விரிக்கத் தாய்மார்களிடம் பிளாஸ்டிக் கேட்டார்கள். நாங்கள் கொழுந்து எடுக்கும்போது கட்டும் சீட்டுகளில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தோம். என் மகளின் கூடாரத்துக்கு நானே விரித்தேன். நாலு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறு எந்தத் தாயும் இவ்வளவு அகலமாகக் கொடுக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் திடலுக்கு நேர் மேலே இருந்த மலையில்தான் எங்களுக்கு வேலை. காலையில் சும்மா ஒரு தூறல் வந்து போனது. சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் கீழே இறங்கினார். மகளைப் பார்க்கலாமே என்று நானும் பின்னால் போனேன். கூடாரத்துக்குள் போர்வைகளின் ஓரமெல்லாம் ஈரம். கித்தானில் ஒழுகிய ஈரம் அல்ல. வெளியே நீட்டியிருந்த என் சீட்டு மழைத் தண்ணீரை ஏந்தி உள்ளே கொண்டுபோய் விட்டிருந்தது. நாத்தனார் சீட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டி என்னைப் பார்த்தார்.

"ஏம் புள்ள, மலையில சீட்ட பூட்ஸுக்கு வெளியில விடுவியா, உள்ள விடுவியா?"

வெளியிலதான் என்றேன்.

"ஏன்?"

உள்ளே விட்டால் தண்ணீர் பூட்ஸில் இறங்கும். பதினைந்து வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். கூடாரம் என்றதும் அறிவு எங்கே போனதோ. குனிந்து சீட்டை உள்ளே மடித்தேன். அவரும் விட்டுவிட்டார், ஏனென்றால் அவர் கண் மலைப்பக்கம் போய்விட்டது. மலைத் தண்ணீரைத் திடலுக்கு வராமல் ஆற்றுக்குக் கொண்டுபோக மேலே ஒரு பெரிய கான் வெட்டியிருந்தார்கள். காய்கறி லோரி போவதற்குப் பாதை போட்டபோது தள்ளிய மண் அந்தக் கானை அடைத்துக்கிடந்தது. பெரிய மழை வந்தால் தண்ணீருக்குத் திடலை விட்டால் வேறு வழி இல்லை.

அவர் வாத்தியாரிடம் போய் மெதுவாகச் சொன்னார். வாத்தியார் சிரித்தார். தான் நடத்திய முகாம்கள் எத்தனை என்று கணக்குச் சொன்னார். "நீங்க போயி கொழுந்தப் பாருங்கம்மா" என்றார். என் நாத்தனார் தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார். வாத்தியார் என்றால் எதிர்த்துப் பேசக்கூடாது, கணக்கு எழுதும் கிராணி என்றால் முக்காட்டை எடுத்துவிட்டு நிற்க வேண்டும், எங்கள் வளர்ப்பு அப்படி. என் குழம்பை நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி திட்டுகிற பெண், அந்த ஆளிடம் வாயை மூடிக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

மூன்று மணி இருக்கும். மேல்மலை கறுத்தது. காற்று நின்றுபோனது. நாத்தனார் கூடையை இறக்கி வைத்தார். இன்னும் நிறுக்கவில்லை, எங்கே போகிறாய் என்று கங்காணி கத்தினார்.

"கொழுந்து நாளைக்கும் மொளைக்கும் கங்காணி" என்றார். இறங்க ஆரம்பித்தார். அவரோடு நாங்கள் பதினொரு பேர் இறங்கினோம்.

இந்த முறை அவர் வாத்தியாரைத் தேடவில்லை. வாத்தியாருடைய கூடாரத்துக்குப் போய் முதல் முளையைப் பிடுங்கினார். பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். யாரைக் கேட்டுப் பிடுங்குகிறாய் என்று வாத்தியார் ஓடிவந்தார். இரண்டாவது முளையைப் பிடுங்கிக்கொண்டே என் நாத்தனார் சொன்னார்:

"தண்ணி யாரையும் கேட்டு வராதுலா சார். திட்டணும்னா மேட்டுல வந்து திட்டுங்க."

மூலைக்கு ஒருத்தியாக நாலு பேர், கம்போடும் கித்தானோடும் கூடாரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தோம். மேலே பழைய நாற்றுமேடை இருந்தது. சரளை மண், லேசான சரிவு, தண்ணீர் நிற்காது. ஓரத்தில் பட்டுப்போன மரம் ஒன்று. கிளை விழுந்தாலும் எட்டாத தூரத்தில்தான் கூடாரம் அடிக்க விட்டார். ஒவ்வொன்றுக்கும் மேல்பக்கம் ஒரு சாண் ஆழத்துக்குச் சங்குல் மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினோம். தரையில் காய்ந்த பெரணியைப் பரப்பி அதன் மேல் சீட்டு. சீட்டின் ஓரம் ஒரு விரல்கூட வெளியே தெரியாமல் உள்ளே மடிக்கச் சொன்னார். கயிறு நனைந்தால் இறுகி முளையைப் பிடுங்கிவிடும் என்று கொஞ்சம் தளர்த்திக் கட்டவைத்தார். கித்தானை உள்ளேயிருந்து தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுகும், யாரும் சாயக்கூடாது என்று பிள்ளைகளை மிரட்டினார். குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைக்கப் போன ஒரு பெரிய பெண்ணிடமிருந்து அதைப் பறித்து வெளியே வைத்தார். "இன்னொரு சட்ட போடு. அடுப்பு உள்ள வந்தா மூச்சு நின்னுடும்" என்றார். பிள்ளைகளின் மாற்றுத்துணிகளையெல்லாம் பிளாஸ்டிக் விரித்த எங்கள் கொழுந்துக்கூடைகளில்தான் கொண்டுவந்தோம்.

மற்றவர்கள் மேட்டில் வேலையாக இருந்ததால், கடைசிக் கூடாரத்தைத் தூக்க மூன்று பேர்தான் இருந்தோம். நாலாவது மூலையை வந்து பிடித்தவர் வாத்தியார். அதை நான் மறைக்க மாட்டேன். அப்போது மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் அதைக் கட்டி முடிப்பதற்குள் கானை மீறிய தண்ணீர் சிவப்பாகத் திடலில் இறங்கியது. கொடிக்கம்பம் சாய்ந்தது. பெரிய சமையல் சட்டி ஒன்று சுழன்றுகொண்டே ஆற்றுக்குப் போனது. என் மகள் படுத்திருந்த இடத்தில் என் முழங்கால் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர். பிறகு நாத்தனார், பிள்ளைகளுக்குச் சூடாக ஏதாவது வேண்டும் என்று தண்ணீரைக் கொதிக்கவைத்தார். உங்கள் மலரில் வருகிற தேநீர் அதுதான்.

இருட்டுவதற்குள் மகளின் கூடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். உலர்ந்த சட்டை, உலர்ந்த போர்வை. "அத்த எங்க சாரு கூடாரத்தத்தாம்மா மொதல்ல புடுங்கினாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் ஈரச் சேலையோடு நின்றேன். இப்படி ஒருத்தி என் குடும்பத்தில் இருக்கிறாள் என்று எனக்குப் பெருமை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் தோட்டத்து மேனேஜர் துரை வந்து திடலைப் பார்த்தார், கானைத் தோண்டச் சொன்னார். வாத்தியார் கடவுளுக்கும் முகாம் குழுவுக்கும் நன்றி சொன்னார். படம் எடுத்தபோது எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்றோம். அது எங்கள் தப்பு.

அன்றைக்கு மலையிறங்கியவர்களில் ஏழு பேர் இன்னும் இருக்கிறோம். நாத்தனார் கம்போங் ராஜாவில் மகன் வீட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லை. போன வாரம் மலரை எடுத்துப்போய் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "டீ நல்லா இருந்துச்சுன்னு போட்டிருக்கானா?" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலர்க் குழுவினருக்குச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம், தொலைபேசியிலும் கூப்பிட வேண்டாம். இதே பத்திரிகையில், ஊர் பார்க்கப் பதில் எழுதுங்கள். முதல் முளையைப் பிடுங்கியது யார்? நாற்பது பிள்ளைகளை மேட்டில் ஏற்றியது யார்? அவருடைய பெயரை நான் இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அதை அச்சில் போட வேண்டியது நீங்கள்.