நூற்றுப் பதினெட்டுப் பேர் காது வைத்த நெஞ்சு

இதுவரை நூற்றுப் பதினெட்டு மருத்துவ மாணவர்கள் ஆதம்பாவாவின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். எண்ணி வைத்திருப்பவர் அவரேதான். புதிதாக வருகிறவர் குழாயைக் காதில் மாட்டும்போது அவருக்குரிய இலக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். "முதல்ல அதைக் கையில வச்சுச் சூடாக்குங்க. இது மனிசன்ட நெஞ்சு, ஐஸ் பெட்டியில்ல."

வயது முப்பத்தொன்பது. ஊர் மூதூர். பதினோரு வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் ஒரு மாதத்தில் போய்விட்டது. போகும்போது நெஞ்சின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது. முப்பத்திரண்டு வயது வரை, திருகோணமலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லாஞ்சிப் படகில் கயிறு எறிந்தார். துறைமுகம் நெருங்க, இருபது முழம் தள்ளி நிற்கும் கட்டையில் கயிற்றை ஒரே வீச்சில் மாட்டுவார். ஒரு நாள் வீசிய கயிறு தண்ணீரில் விழுந்தது. அவர் லாஞ்சியின் மேல்தட்டில் விழுந்தார். அன்றிலிருந்து பயணிகளுக்கு ரிக்கற் வெட்டுகிறார்.

புதன்கிழமைகளில் ரிக்கற் வெட்டுவதும் இல்லை. காலை லாஞ்சியில் பயணியாக ஏறுவார். "புறொபெசருக்கு இடம் விடுங்க, பாடம் பிந்திப் போகும்" என்று எஞ்சின் அறையிலிருந்து ஜவாஹிர் கத்துவான். "நீயும் வாவன், மூளையில்லாத ஆளையும் ஒருக்காக் காட்டத்தான் வேணும்" என்பார் இவர்.

பாடம் நடப்பது திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்ட்டில், ஜன்னலோரக் கட்டிலில். நடத்துபவர் டொக்டர் இரத்தினேஸ்வரி. கொழும்பிலிருந்தும் பேராதனையிலிருந்தும் ஐந்தாறு பேராக மாணவர்கள் நான்கு வாரத்துக்கு வருவார்கள். மருந்தியலை அவர்கள் கரும்பலகையில் படித்து, எழுதி, பாஸாகி, பாதியை மறந்து வந்திருப்பார்கள். நோயாளியைப் பார்ப்பது அதற்குப் பிறகு. டொக்டரம்மாவும் அப்படிப் படித்தவர்தான். அதனால் தன் வார்ட்டில் அவர் ஒரு விதி வைத்திருந்தார்: நெஞ்சின் சத்தம், நோய், மருந்துக் குளிசை, சாப்பாடு வரும் குசினி நான்கும் ஒரே கட்டிலருகில், ஒரே காலையில். குளிசை உள்ளே போய் என்ன செய்கிறது என்று நோயாளிக்கு விளங்கச் சொல்லும் வரை எவரும் அதன் பெயரை உச்சரிக்கக் கூடாது.

விளங்கிற்றா என்று தீர்ப்புச் சொல்பவர் ஆதம்பாவா. நீண்ட இங்கிலீசுச் சொல் ஒன்று காதில் விழுந்தால் கையை உயர்த்துவார். "இது பொஸ்தகக் கதை. என்ட நெஞ்சுக்கு இங்கிலீசு தெரியாது." தன் மூன்று மருந்துகளுக்கும் அவர் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. நெஞ்சை நிதானமாகவும் பலமாகவும் அடிக்க வைக்கும் சின்ன வெள்ளைக் குளிசை, எஞ்சின்காரன். காலில் கட்டும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது, தண்ணி இறைக்கிறவன். மூன்றாவது போத்தலில் இருக்கும் கசப்பான உப்பு மருந்து. "இறைக்கிறவன் மொக்கன். தண்ணியோட சேர்த்து உடம்புல இருக்கிற உப்பையும் இறைச்சுக் கொட்டிருவான். உப்புக் குறைஞ்சா எஞ்சின்காரனுக்கு வெறி ஏறும். அதுக்குத்தான் இந்தப் போத்தல்."

வெறி ஏறினால் என்னவாகும் என்பதும் அவருக்குப் பாடம். சோறு இறங்காது. வயிற்றைப் புரட்டும். விளக்கைப் பார்த்தால் மஞ்சள் படரும். "மஞ்சளைக் கண்டா அண்டைக்கே லாஞ்சி ஏறோணும். நாளைக்கெண்டா மையத்துப்பெட்டிதான் ஏறும்." மாணவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள்.

1979 ஆகஸ்ட் 15, புதன்கிழமை. ஆதம்பாவா மஞ்சளைக் கண்டு மூன்று நாளாகியிருந்தது.

அன்று இருபதாம் நோன்பு. பிறை பிறப்பதற்கு முன்பே டொக்டரம்மா, "இந்த முறையும் நோன்பு பிடிக்க ஏலாது ஆதம்பாவா" என்று சொல்லியிருந்தார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து, மனைவி அசனாவிடம், "இந்த வருசம் என்னைத் தடுக்காத" என்றார். முந்திய இரண்டு ரமழானும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போயின. நோய் கயிற்றை வாங்கிக்கொண்டது. பள்ளிவாசல் படிகளை நிற்காமல் ஏறுவதை வாங்கிக்கொண்டது. நோன்பையும் கொடுப்பதற்கு அவருக்கு மனமில்லை. இரண்டு குளிசைகளையும் விடியுமுன், சகர் சாப்பாட்டு நேரத்தில் விழுங்கினார். உப்பு மருந்து பகலில் தாகத்தைக் கூட்டியது. ஐந்தாம் நோன்போடு போத்தலை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார்.

புதன்கிழமை வராமல் விட்டால் ஏன் என்று ஆள் அனுப்பிக் கேட்பார்கள். ஆகவே வந்தார்.

முதலில் நாடி பிடித்தவர் நூற்றுப் பதினேழாவது ஆள், தவராசா. ஆதம்பாவாவின் நாடி எப்போதும் தாறுமாறாக ஓடும். அதைக் கேட்கத்தான் மாணவர்களே வருகிறார்கள். தவராசா முழு நிமிடம் எண்ணிவிட்டு முகம் மலர்ந்தார். "மேடம், போன கிழமை மாதிரியில்லை. நாப்பத்திநாலு, நல்ல ஒழுங்கு. மருந்து வடிவா வேலை செய்யுது."

"சாப்பாடெல்லாம் எப்பிடி ஆதம்பாவா?" என்றார் டொக்டரம்மா.

"நல்லம், டொக்டரம்மா."

"தம்பி சொன்னது விளங்கினதோ?"

"விளங்கிட்டு, விளங்கிட்டு." கை உயரவில்லை. கேலி ஒன்றும் வரவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே உள்துறைமுகத்துத் தண்ணீர்கூட மஞ்சளாகத்தான் தெரிந்தது.

நூற்றுப் பதினெட்டாவது ஆள் கிண்ணியாவிலிருந்து படிக்கப்போன றஹ்மா. குழாயைக் கையில் வைத்துச் சூடாக்கி நெஞ்சில் வைத்தாள். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்தாள். நெஞ்சில் எண்பத்தெட்டு. கையில் நாற்பத்துநான்கு. இரண்டிரண்டாக அடித்தது நெஞ்சு. சோடியில் இரண்டாவது அடி கைவரை வந்து சேரவில்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. குழாயைக் கழற்றிவிட்டுக் குனிந்து கேட்டாள்.

"சகருக்கு என்ன சாப்பிட்டீங்க, காக்கா?"

"சோறு இறங்கயில்ல புள்ள. ரெண்டு பேரீச்சம்பழமும் தண்ணியும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. நோன்பா என்று அவள் கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பார். ஏழு வருடமாக அந்தக் கட்டிலில் இருந்துகொண்டு, குசினியைக் கேளுங்க, குசினியைக் கேளுங்க என்று பிள்ளைகளை விரட்டியவர் அவர்தான்.

டொக்டரம்மா கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தினை நாளா?"

"இருபது."

"மஞ்சள்?"

"மூண்டு நாள்."

ஈசிஜி எடுத்து வந்தார்கள். நீளத் தாளில் துடிப்புகள் இரண்டிரண்டாகக் கைகோத்து நின்றன. டொக்டரம்மா அதை மாணவர்களிடம் நீட்டினார். "நாடி ஒழுங்காகினது சுகமில்லை, தவராசா. நஞ்சு. ஆனா முதல் பிழை உம்முடையதில்லை, என்ர பிழை. பிறை கண்ட பிறகு நோன்போ எண்டு நான் இவரைக் கேக்கேல்லை." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "எஞ்சின்காரனை இண்டையோட நிப்பாட்டிறம். உப்பு மருந்து இப்பவே குடிக்கவேணும்."

"ஊசியாப் போடுங்களன். ஊசியெண்டா நோன்பு முறியாதெண்டு சொல்றாங்க."

"இந்த உப்பை ஊசியா ஏத்தினா நெஞ்சு நிண்டுபோயிடும். குடிக்கத்தான் வேணும்."

"மஃரிபுக்கு நோன்பு திறந்த பிறகு குடிக்கிறன்."

"ஏலாது. இன்னும் ஏழு மணித்தியாலம் கிடக்குது. அதுவரைக்கும் இந்த நெஞ்சுக்கு நான் பொறுப்பெடுக்க மாட்டன்."

றஹ்மா கலந்து கொண்டுவந்த கோப்பையோடு நின்றாள். அவளும் நோன்பு, உதடு காய்ந்திருந்தது. "நோயாளிக்குச் சலுகை இருக்குத்தானே காக்கா. விட்ட நோன்பைப் பிறகு களாப் பிடிக்கலாம்."

"உனக்கென்ன புள்ள, உன்ட வால்வு நல்ல வால்வு." அவர் சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. "போன வருசமும் இதைத்தான் சொன்னாங்க. அதுக்கு முந்தின வருசமும் இதைத்தான். களாப் பிடிக்க எனக்கு இன்னொரு வருசம் வருமா? டொக்டரம்மா சொல்லட்டும்."

தவராசா தாளைப் பார்த்தபடி நின்றார்.

"தெரியாது ஆதம்பாவா" என்றார் டொக்டரம்மா. "வரும் எண்டு பொய் சொல்ல மாட்டன். இதைக் குடியாமல் விட்டா வராது. அது மட்டும் எனக்குத் தெரியும்."

ஆதம்பாவா றஹ்மாவின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு, "இது விளங்குது" என்றார்.

மாணவர்கள் தள்ளி நின்றார்கள். டொக்டரம்மா மறைப்புத் தட்டியை இழுத்துவிட்டார். ஆதம்பாவா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார், இரண்டாக மடித்தார், தலையணைக்கு அடியில், வெளியே தெரியாதபடி வைத்தார். பிறகு றஹ்மாவின் கையிலிருந்த கோப்பையை வாங்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தார்.

அப்போது நேரம் பதினொன்றரை. அடுத்த கோப்பை மாலை நான்கு மணிக்கு.