பார்சலைப் பிரித்தவர் பிலோமினா சிஸ்டர்

செவ்வாய்க்கிழமை காலை கடலூர் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பிலோமினா சிஸ்டரின் தம்பி பேசினார். "சார், அக்கா போயிட்டாங்க." ஒன்பது நாள் தீக்காயத்தோடு கிடந்தவர்.

சிதம்பரத்தில் ஒரு கிளினிக்கில் பதினேழு வருடம் செவிலியராக இருந்தார். அங்கேயே பின்னறையில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துபவன் நான். யாரோடும் ஒத்துப்போகாதவன். முதல் வாரமே சொல்லிவிட்டார்: "உங்க மூஞ்சியப் பார்த்தாலே பேஷண்டுக்கு பிரஷர் ஏறிடும் சார். ஊசி குத்துறப்பவாவது கொஞ்சம் சிரிங்க." டாக்டர் எரிந்து விழுந்து அனுப்பும் நோயாளிகளை நிறுத்தி, எந்த மாத்திரை எப்போது என்று மறுபடி சொல்லி அனுப்புவார்.

பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஒருவன், ஒரு மருத்துவர் மீதிருந்த ஆத்திரத்தை எல்லா மருத்துவர்கள் மீதும் திருப்பி, பார்சலில் குண்டு வைத்து அனுப்பினான். முதல் பார்சல் கடலூரில் வெடித்தது, இரண்டாவது நெல்லிக்குப்பத்தில். இரண்டிலும் மருத்துவர் பெயர்தான் எழுதியிருந்தது. பிரித்தவர்கள் ஒரு கம்பவுண்டரும், கூட்டிப் பெருக்கும் ஒரு பெண்ணும்.

பேப்பரைப் படித்துவிட்டு எங்கள் டாக்டர் உத்தரவிட்டார்: "இனிமே எந்தப் பார்சலும் நேரா என் ரூமுக்கு வரக்கூடாது. சிஸ்டர் பிரிச்சுப் பார்த்துட்டுக் கொண்டாரட்டும்."

"மாட்டேன்னு சொல்லுங்க," என்றேன் சிஸ்டரிடம்.

"நான் மாட்டேன்னா ஆயாம்மாவப் பிரிக்கச் சொல்லுவாரு. அவுங்களுக்கு மூணு பொண்ணு. இல்ல, நீங்க பிரிக்கிறீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் பின்னறைக்குத் திரும்பிவிட்டேன்.

மருந்து கம்பெனிகள் டாக்டர்களுக்குத் தீபாவளி இனிப்பு அனுப்பும் வாரம் அது. கூரியரில் வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, சிஸ்டரின் மேசையில் வைத்தவன் நான். அவர் நோயாளிகளை எழுப்பினார். "எல்லாரும் செத்த வெளியில நில்லுங்க. ஸ்வீட்டா இருந்தா கூப்பிடுறேன்." பிறகு என்னிடம், "நீங்களும்தான் சார்." போய் நின்றேன்.

'மருத்துவர் உயிர் தப்பினார்' என்று பேப்பரில் போட்டார்கள். சிஸ்டரின் பெயர் கடைசி வரியில், அதுவும் பிழையாக. அடக்கத்தன்று மட்டும் கிளினிக்கை மூடிய டாக்டர், மறுநாள் டோக்கன் கொடுக்க ஆள் இல்லையே என்று அலுத்துக்கொண்டார். அவரையும் மன்னிக்க மாட்டேன். பிடிபட்டுச் சிறையில் இருக்கும் அவனையும் மன்னிக்க மாட்டேன்.

நேற்று ஒரு பார்சல் வந்தது. யாரையும் கேட்காமல் நானே வாசலுக்கு எடுத்துப்போய்ப் பிரித்தேன். இருமல் மருந்து சாம்பிள்கள். குண்டு அனுப்பியவன் உள்ளே போன பிறகு எந்தக் கோழையும் பிரிப்பான். பாட்டில்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

சென்று வாருங்கள், சிஸ்டர்.