என் புல் முளைக்கவில்லை

என் புல்லைக் கொன்றது நீங்கள்தான், சார். எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கச் செயலாளராகிய நீங்கள். மருந்தடித்தவன் கூலிக்காரன், அவனைக் காட்டித் தப்ப வேண்டாம்.

ஊரப்பாக்கத்தில் இந்த நகர் முழுவதும் எங்கள் ஆட்கள் பயிர் வைத்த நிலம். விற்றோம், வீடுகள் வந்தன. அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கு மிஞ்சியது ஒரு மாடு. அதன் தீனி உங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் வளர்ந்தது. மனைக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள், புல் போட்டுக்கொள் என்று அவரே சொன்னார்.

கொழுக்கட்டைப் புல் போட்டேன். விதை பஞ்சு மாதிரி இருக்கும், சும்மா வீசினால் காற்றோடு போய்விடும். ஈர மணலில் கலந்து, மழைக்கு முன்னால் தூவினேன். வேர் பிடித்த பிறகு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. அடிக்கட்டையை விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் தழையும். போர்வெல் வற்றி இந்தத் தெருவே லாரித் தண்ணீருக்கு நின்ற கோடையில் அதுவும் காய்ந்து சருகானது. ஒரு மழைதான் பெய்தது, கட்டையிலிருந்து பச்சை கிளம்பிவிட்டது. அதன் உயிர் வேரில் இருக்கிறது.

இந்தத் தெருவில் கிருகப்பிரவேசம் நடந்த வீடுகளில் எல்லாம் முதலில் நுழைந்தது என் மாடு. உங்கள் வீட்டிலும்தான். புது டைல்ஸில் கால் வழுக்கி, மிரண்டு, ஹாலிலேயே மூத்திரம் பெய்துவிட்டது. நான் பதறிப் போய்த் துணி தேடினேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்தார்.

"துடைக்காதீங்கக்கா! மகாலட்சுமியே வந்த மாதிரி!"

நீங்கள் வீடியோ எடுத்தீர்கள். குடிவந்து ஒரு வருடம் ஆவதற்குள் சாணி நாற்றம் தாங்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் போட்டதும் நீங்கள்தான்.

போன புரட்டாசியில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து அரிவாளோடு போனால் மனை முழுக்க மஞ்சள். மழை விழுகிற மாதத்தில் புல் ஏன் காயும்? உங்கள் வாசலுக்கு வந்து கேட்டேன்.

"பாம்பு வருதும்மா. பசங்க விளையாடற ஏரியா. களைக்கொல்லி அடிக்கச் சொன்னோம். புல்லுதானே, மழை பேஞ்சா தானா வந்துடும்."

"பாம்பு கீதுன்னா எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா சார்? நானே ஒட்ட அறுத்துட்டுப் போறேன். தெனம் பாலு வாங்க வர்றீங்களே, அப்போ வாய் இல்லியா?"

"கமிட்டி முடிவும்மா. நான் மட்டும் இல்ல."

சங்கப் பொருளாளரைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, எல்லாம் செக்ரட்டரி சார்தான்" என்றார்.

அந்த மருந்து இலையில் விழுந்து வேருக்கு இறங்கும். வெயில் தொட முடியாத இடத்துக்குப் போய்க் கொல்லும். ஐப்பசி மழை கொட்டியது. தினமும் போய்க் குனிந்து பார்த்தேன். கட்டையைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. முளைத்ததெல்லாம் பார்த்தீனியம். அதை மாடு தொடாது.

மறுபடி விதைக்கச் சொல்கிறார்கள். வளர்கிற வரைக்கும் மாடு எதைத் தின்னும்? வளர்ந்த பிறகு நீங்கள் மறுபடி அடிக்க மாட்டீர்கள் என்பதற்கு யார் பொறுப்பு? வைக்கோலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். பால் வற்றியது, நீங்கள் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டீர்கள். ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஜிஎஸ்டி ரோட்டுக் குப்பையில் பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டிருந்தது. வாயில் கைவிட்டு இழுத்தேன். கார்த்திகையில் விற்றுவிட்டேன். வண்டியில் ஏற மாட்டேன் என்று நின்றது. வாலை முறுக்கி ஏற்றினார்கள். கொட்டகையில் இப்போது ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தை பிறந்ததும் நீங்கள் போன் செய்தீர்கள்.

"அம்மா, பொண்ணு ஃப்ளாட் வாங்கியிருக்கா. வெள்ளிக்கிழமை கிருகப்பிரவேசம். மாட்டைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"மாடு இல்ல சார். வித்துட்டேன்."

"அடடா, ஏன்மா?"

நான் போனை வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வருகிறேன். தெருவே உட்கார்ந்திருக்கும். மைக்கைப் பிடித்து நீங்களே சொல்லுங்கள் சார்: அடிக்கச் சொன்னது யார்? என்னிடம் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை?