அவளுக்காக நான் சொன்ன சாட்சி

என் மனைவிக்கு வலிப்பு நோய். கல்யாணத்துக்கு முன்பே அவளே என்னிடம் சொல்லிவிட்டாள், தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். மாதம் ஒரு முறை கண்டி ஆஸ்பத்திரியில் கிளினிக், காலையும் இரவும் மாத்திரை என்று பன்னிரண்டு வருடம் ஓடியது. அப்படியும் வருடத்தில் மூன்று நான்கு தடவை விழுந்துவிடுவாள். பஸ் நிலையத்தில், கோழிக்கடை வாசலில், ஒரு தடவை என் அலுவலகப் பெரியவரின் மகள் கல்யாணத்தில். ஆட்கள் ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். நான் கூட்டத்தை விலக்குவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு தள்ளி நிற்பேன். நோய் அவளுக்கு, வெட்கம் எனக்கு. எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

நாங்கள் கட்டுகஸ்தோட்டையில், ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் கூடுகிற சிறிய சபையைச் சேர்ந்தவர்கள். இருவரும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருடம் ஆகிறது. புதிதாக வந்தவர்களுக்கு இருக்கிற வேகம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். மைக்கைக் கையில் கொடுப்பார்கள். கர்த்தர் நமக்கு என்ன செய்தார் என்று எழுந்து சொல்ல வேண்டும். ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கும், ஒருவருக்கு விசா, இன்னொருவருக்குத் தொலைந்துபோன அடையாள அட்டை. பெரிய சாட்சிக்குப் பெரிய அல்லேலூயா, சின்னதற்குச் சின்னது. என்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமே இல்லை என்பது எனக்கு உள்ளூர ஒரு குறையாகவே இருந்தது.

போன வருடம் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். கடைசி நாள் போதகர் என் மனைவியின் தலையில் கை வைத்து ஜெபித்தார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில், மகாவலிப் பாலத்தின் நடுவில் அவளை நிறுத்தி, கைப்பையிலிருந்த மாத்திரைப் பையை வாங்கினேன்.

"என்னங்க, டொக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்வோமே" என்றாள்.

"ஒனக்கு விசுவாசம் இருக்கா, இல்லையா?"

நான் பையை ஆற்றில் வீசினேன். போதகர்கூட அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நான் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு கடிதத்தை அடுத்த மேசைக்கு அனுப்பமாட்டேன் என்று பெயர் எடுத்தவன். அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு யாரையும் எதையும் கேட்கவில்லை.

அதன்பிறகு ஐந்து மாதம் அவள் விழவில்லை. ஐந்தாம் மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நான் மைக்கை வாங்கினேன். உபவாசம், பாலம், ஆறு, மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "அஞ்சு மாசமா மாத்திரையும் இல்ல, வலிப்பும் இல்ல" என்று முடித்தபோது எழுந்த அல்லேலூயாவில் தகரக் கூரை அதிர்ந்தது. வாழ்க்கையில் எனக்கு யாரும் அப்படிக் கை தட்டியதில்லை. என் மனைவி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பணிவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து நாங்கள் இருவரும் படியருகில் நின்றபோது, தெல்தோட்டையிலிருந்து வருகிற பெண் ஒருவர் என்னிடம் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். முப்பது வயதிருக்கும். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு பஸ் மாறி ஞாயிறு தவறாமல் வருவார். அவருக்கும் சின்ன வயதிலிருந்தே வலிப்பு.

"பிரதர், நானும் ஆத்துல போட்டுறவா?" என்று கேட்டார்.

"விசுவாசம் இருந்தா போடுங்க சிஸ்டர்."

"எங்க தோட்டத்துல ஆறு இல்லையே."

"ஓடையில போடுங்க" என்றேன். நானும் அவரும் சிரித்தோம்.

மூன்றாவது ஞாயிறு சபைக்குச் செய்தி வந்தது. அந்தப் பெண் காலையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து விறகடுப்பின்மேல் விழுந்திருக்கிறார். மூத்த மகள் இழுத்துப் போடுவதற்குள் இடது கை முழங்கைவரை வெந்துவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். சபை எழுந்து நின்று ஜெபித்தது. மூப்பர் ஒருவர், பொன்னை நெருப்பில் இட்டுச் சுத்தமாக்குவதுபோலக் கர்த்தர் அந்தச் சகோதரியைச் சோதிக்கிறார் என்றார். நானும் தலையாட்டினேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில், "எங்கயோ விசுவாசத்துல கொற இருந்திருக்கு, இல்லாட்டி ஏன் இப்படி நடக்குது?" என்று சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன்.

என் மனைவி எழுந்து குசினிக்குள் போனாள். ஒரு பால்மா டின்னை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். செத்தல் மிளகாய் கொட்டியது. அதோடு ஒரு பொலித்தீன் பையும் விழுந்தது. உள்ளே கிளினிக் மாத்திரைகள்.

"நா ஒரு நாள்கூட நிறுத்தலங்க" என்றாள்.

பாலத்தில் நடந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். டாக்டர் அவளைத் திட்டிவிட்டு, பழைய மருந்தை மாற்றிப் புதிய மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐந்து மாதமாக விழாமல் இருந்தது அதனால்தான். நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து கத்தினேன். அக்கம்பக்கம் கேட்கட்டும் என்றே கத்தினேன்.

"சபைக்கு முன்னால என்னையப் பொய்யனாக்கிட்டியே!"

"நா எப்பங்க சாட்சி சொன்னேன்? நீங்கதான சொன்னீங்க."

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"சொன்னா இதையும் ஆத்துல போட்டிருப்பீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நா ஜெபம் பண்ணாம ஒரு மாத்திரகூடப் போட்டதில்ல. கையில வச்சு ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் போடுவேன். மருந்தும் அவர் குடுத்ததுதான்னு நெனச்சேன். ஆனா அந்தப் புள்ள ஒங்ககிட்ட வந்து கேட்டப்ப நா பக்கத்துலதான் நின்னேன். அப்பவும் வாயத் தொறக்கல. அது எம் பாவம்."

சொல்லிவிட்டு மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னில் போட ஆரம்பித்தாள்.

அன்று முதல் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முதலில் கர்த்தர்மேல்தான் கோபம் வந்தது. என்னை மேடையேற்றி ஏமாற்றிவிட்டார் என்று. அந்தக் கோபம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அவர் எதுவும் சொல்லவில்லை, ஏறினவன் நான் என்று எனக்கே தெரிந்தது. போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நீங்க எழும்பி அது அப்படியில்லன்னு சொன்னா எத்தன பேரோட விசுவாசம் தளரும்னு யோசிங்க பிரதர். கொஞ்சம் பொறுங்க" என்றார்.

அந்த யோசனை எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அடுத்த ஞாயிறும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெல்தோட்டைச் சகோதரியின் விசுவாசம் பெருகும்படி எல்லோரும் ஜெபித்தார்கள். என் மனைவி பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். வீட்டிலும் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

வியாழக்கிழமை மத்தியானம், பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டின் கோடியில் கட்டிலில் அந்தப் பெண் படுத்திருந்தார். கை முழுக்கக் கட்டு. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அழுகை முந்திக்கொண்டது.

"பிரதர், என்னைய மன்னிச்சிருங்க. எனக்கு விசுவாசம் பத்தல. அக்காகிட்ட இருந்தது எங்கிட்ட இல்லாமப் போச்சு. ஆண்டவர் சோதிச்சாரு, நா தோத்துட்டேன்."

கையைத் தீயில் கொடுத்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பால்மா டின்னிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி ஒரு நாளும் மாத்திரையை நிறுத்தவில்லை, எனக்கு அது தெரியாது, தெரிந்த பிறகும் பத்து நாளுக்கு மேலாக வாய் திறக்கவில்லை என்றேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப எம்மேல குத்தமில்லையா?"

"இல்ல சிஸ்டர். ஒங்க மேல இல்ல."

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார். பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்த பிறகுதான் அவர் பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"அத மைக்குல சொன்னீங்க. இத எங் காதுல வந்து சொல்லுறீங்க."

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் கையைத் தூக்கினேன். போதகர் என்னைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பிறகு கொடுத்தார். என் மனைவிக்குச் சுகமாகவில்லை, மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்றேன். நான் சொன்ன சாட்சி பொய் என்றேன். தெல்தோட்டைச் சகோதரியின் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை, என் பேச்சைக் கேட்டதுதான் அவர் செய்த தவறு என்றேன். என்னை நம்பி யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே மறுபடி சாப்பிடத் தொடங்குங்கள் என்றேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. பொன்னைப் பற்றிச் சொன்ன மூப்பர் எழுந்து, சாத்தான் யாரை வேண்டுமானாலும் பயன்படுத்துவான் என்று சபைக்கு எச்சரிக்கை செய்தார். அவர் சொன்ன நெருப்பு வேதவசனத்தில் வருகிற நெருப்பு. அந்தப் பெண்ணுடையது விறகடுப்பு. அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். என் மனைவி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆராதனைக்குப் பிறகு தேநீர் மேசையில் ஒரு வேடிக்கை நடந்தது. பெண்கள் ஒவ்வொருவராக என் மனைவியிடம் ஒதுங்கி வந்தார்கள். ஒருவர் சீனி வியாதிக்கு மாத்திரை போடுகிறாராம், சபையில் யாருக்கும் தெரியாதாம். இன்னொருவர் கைப்பையில் பிரஷர் மாத்திரை. மூன்றாவதாக வந்தவர் அந்த மூப்பரின் மனைவி. வீட்டுக்கு வந்து என் மனைவி இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எத்தனை வருடமாக எத்தனை டின்களுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், எல்லோரும் என்னையும் அந்த மூப்பரையும் போன்ற ஆட்களுக்குப் பயந்து.

இரண்டு குடும்பங்கள் எங்களோடு பேச்சை நிறுத்தின. நாங்கள் சபையை விடவில்லை. பாட்டுக்கு எழுந்து நிற்பேன், வாய் அசையும், அவ்வளவுதான். வீட்டில் என் மனைவி இப்போது ஒளிக்காமல் மேசையில் உட்கார்ந்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஜெபிப்பாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். கடவுள் இல்லை என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் எதையும் கேட்கிற முகம்தான் எனக்கு இல்லை. இன்னொருவருக்காக ஜெபிக்கச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவேன். அப்படி நான்கைந்து மாதம் போயிற்று.

மழை பெய்த ஒரு ஞாயிறு அந்தப் பெண் திரும்ப வந்தார். இடது கைத் தோல் இழுத்துக்கொண்டு பளபளத்தது. விரல்கள் விறைத்து நின்றன. ஆராதனை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். எனக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"மாத்திர போட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்" என்றார். பிரதர் போய் அண்ணன் ஆகியிருந்தேன். "விழல."

"நல்லது" என்றேன்.

"நீங்க ஜெபம் பண்ணுறதே இல்லையாமே. அக்கா சொன்னாங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"இந்த வெரலு மடங்க மாட்டேங்குது. கிளினிக்ல பயிற்சி குடுக்குறாங்க, விடாமப் போறேன். ஆனா ஒரு கையால கொழுந்து எடுக்க முடியுமா? ரெண்டு புள்ளைங்க இருக்கு. நீங்க ஜெபிக்கணும்."

"நானா? பாஸ்டர்கிட்ட சொல்லுங்கம்மா."

"நீங்கதான் ஜெபிக்கணும். என்னைய விழ வச்சது ஒங்க வாய்தான. அந்த வாயாலயே கேளுங்க."

"எம்மேல கோவம் இல்லையா?"

"கோவம் இருக்கு" என்றார் உடனே. "அதுக்காக ஜெபிக்காம இருக்க ஏலுமா?"

கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். தோல் சூடாகவும் கடினமாகவும் இருந்தது. ஒரு காலத்தில் மைக் இல்லாமலே அரை மணிநேரம் கட்டளையிட்டு ஜெபித்தவன் நான். இப்போது, "ஆண்டவரே, இந்தக் கை..." என்பதோடு நின்றுவிட்டேன். என்ன வாக்குக் கொடுப்பது, எதைச் சாட்சியாகக் காட்டுவது? "இது மடங்கணும்" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அவர் கொஞ்சநேரம் காத்திருந்தார். இனி வார்த்தை வராது என்று தெரிந்ததும் அவரே ஆமென் சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனார்.

விரல்கள் இன்னும் மடங்கவில்லை. தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.