நான் பொய்க்கு இழுத்த பெயர்

ஆண்டவருடைய பெயரால் இங்கே கூடியிருக்கிற உங்கள் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இது பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சாட்சி இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருந்தால் என் நெஞ்சு ஆறாது.

நான் பாக்கியம். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்த்தேன். எங்கள் அறையில் நானும் செல்வியும் இரண்டே பேர். செல்வி இந்துப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் மகளுக்குக் காது குத்தியபோது நான்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வாயைத் திறந்தால் "இயேசப்பா சத்தியமா" என்பேன். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று கேட்டால்கூட அதே சத்தியம்தான். கோயிலில் அந்தப் பெயரைக் கேட்டால் தலை குனிவேன், வெளியே வந்தால் கறிவேப்பிலை மாதிரி எல்லாவற்றிலும் போடுவேன். கம்பெனியில் அதற்கு மதிப்பும் இருந்தது. "பாக்கியம் அவுக சாமி மேல சத்தியம் பண்ணிட்டா சோதிக்க வேண்டாம்லே" என்பார் போர்மேன்.

கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், இரவு தங்க விடக்கூடாது. மிச்சம் இருந்தால் போர்மேனிடம் ஒப்படைத்து, அவர் அதை அழிக்கிறவரை கூட நிற்க வேண்டும். ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போன வருசம் ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை. தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம். செல்வி மகளுக்குக் காய்ச்சல் என்று மத்தியானமே போய்விட்டாள். எனக்குச் சாயங்காலம் செபக்கூட்டம், ஐந்து மணி பஸ்ஸை விட்டால் போக முடியாது. ஒரு தட்டில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தது. மேசைக்கு அடியில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினேன். "மிச்சம் இருக்கா?" என்று வாசலில் போர்மேன் கேட்டார்.

"இயேசப்பா சத்தியமா இல்ல, சார்."

அப்படிச் சொல்லிவிட்டுப் போய் அன்றைக்குக் கை தூக்கித் துதி பாடினேன். அன்று ராத்திரி மழை பெய்தது.

மறுநாள் காலையில் நான் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போது வெடிச் சத்தம் கேட்டது. எங்கள் அறை. செல்வி எனக்கு முன்னால் வந்திருந்தாள். அவளை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முகமும் இரண்டு கையும் வெந்திருந்தன. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

அதைவிடப் பெரிய கொடுமை கம்பெனியில் நடந்தது. "பாக்கியம் சத்தியம் பண்ணிச்சு. அப்ப செல்விதான் மிச்சத்த ஒளிச்சு வச்சிருக்கணும்" என்று போர்மேன் எல்லாரிடமும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. சாகக் கிடக்கிறவளுக்கு எதிராக என் ஆண்டவர் பெயரையே சாட்சியாக நிறுத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் செல்வியின் வீட்டுக்காரர் முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க கும்புடுற சாமிகிட்ட சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேக்கும்." செபிக்கக் கண்ணை மூடினேன். அந்தப் பெயர் வாயில் வரவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன பெயர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நான் தொலைந்தேன் என்று அப்போது நினைத்தேன்.

பேர் சொல்லாமலே இரண்டு வேண்டுதல் வைத்தேன். செல்வி பிழைக்க வேண்டும். நான் செய்தது யாருக்கும் தெரியக்கூடாது.

இரண்டாம் நாள், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சாமியார் மெதுவாகச் சொன்னார்: "ஆண்டவர் மன்னிப்பாரும்மா. அந்தப் பொண்ணு மேல விழுந்த பழிய யாரு எடுக்கிறது?"

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் முருகனிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். கையில் இருந்த டீயைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடித்திருந்தால் தேவலை. பிறகு சூலக்கரைக்குப் போய், விபத்தை விசாரிக்கிற அதிகாரியிடமும் சொன்னேன். "சத்தியமா சொல்றீங்களா?" என்று கேட்டார். "உள்ளதச் சொல்றேன் அய்யா" என்றேன். அந்தப் பெயரை இழுக்கவில்லை.

அன்று சாயங்காலம் திரும்பி வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் தலை குனிந்து "இயேசுவே" என்றேன். வந்துவிட்டது. வேறு வார்த்தையே வரவில்லை, அதை மட்டும் சொல்லிச் சொல்லி அழுதேன். மறுநாள் செல்வி கண் திறந்தாள்.

நான் உண்மை சொன்னதற்குக் கூலியாக அவள் பிழைத்தாள் என்று சொல்ல மாட்டேன். அவர் அப்படி வியாபாரம் செய்கிறவர் இல்லை. முதல் வேண்டுதலைக் கேட்டார், இரண்டாவதை மறுத்தார். இரண்டுக்கும் நன்றி சொல்கிறேன். எனக்கு வேலை போனது, வழக்கு நடக்கிறது. தண்டனை வந்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

செல்வியின் வெந்த விரல்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கின்றன. சோற்றைப் பிசைய முடியாது. ரொம்ப மாதம் என் முகத்தையே பார்க்கவில்லை. போன மாதம் அவள் வீட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்து முதல் தடவையாகப் பேசினாள்.

"இப்பவும் அந்தப் பேரச் சொல்லிச் சத்தியம் பண்ணுதீகளா?"

"இல்ல, செல்வி. கும்புடும்போது மட்டும் சொல்றேன். பயந்து சொல்றேன்."

"அப்ப என் கைக்கும் சேத்துச் சொல்லுங்க" என்றாள். என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்களில் யாருக்காவது என்னைப்போல் தொண்டை அடைத்திருந்தால் பயப்படாதீர்கள். மறைத்ததை வெளியே சொல்லுங்கள், பிறகு கூப்பிடுங்கள், அவர் கேட்பார். இப்போது எல்லோரும் தலை குனியுங்கள். செல்வியின் விரல்களுக்காக அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொல்வோம்.